10,080 காரணிகள் கொண்ட எண்

ராமானுஜன் என்றதும் 1729 நினைவுக்கு வராதவர்கள் குறைவு. கணிதர் ஹார்டி ஏறி வந்த டாக்ஸியின் எண், நோயாளியாகப் படுத்திருந்தவர் உடனே சொன்ன பதில் என்று பட்டிமன்றத்திலும் பள்ளி ஆண்டுவிழாவிலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை அது. அந்த எண் தற்செயலாக வந்து சேர்ந்தது. ராமானுஜன் தாமே தேடிப்போய், வரிசைப்படுத்தி, அட்டவணை போட்டு அச்சுக்குக் கொடுத்த எண்கள் வேறு. அந்த அட்டவணை 67,46,32,83,88,800 என்ற எண்ணில் போய் முடிகிறது. வாய்விட்டுச் சொன்னால் ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. 1729ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் எட்டே எட்டு. இதை வகுப்பவை 10,080.

ஓர் எண்ணை மீதியின்றி வகுப்பவற்றைக் காரணிகள் என்று ஆறாம் வகுப்பிலேயே படிக்கிறோம். 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். 13 பகா எண், அதற்கு இரண்டே. 12க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் முந்தும் எண்ணே உயர் பகு எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று வரிசை போகும். 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் 63 பக்கங்களுக்கு வெளிவந்த ராமானுஜனின் கட்டுரைக்குத் தலைப்பே ‘உயர் பகு எண்கள்’தான். மேலே சொன்ன பெரிய எண் உட்பட 102 எண்களை அதில் அவர் பட்டியலிட்டார்.

அந்தப் பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் அதன் உடலமைப்பு தெரிகிறது. ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7. அதன்பின் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. இவ்வளவையும் பெருக்கினால் அந்த எண். காரணி ஒன்றை உருவாக்க வேண்டுமென்றால் 2களில் எத்தனை எடுப்பது என்பதற்கு ஏழு வழி (ஒன்றும் எடுக்காமல் விடுவதும் ஒரு வழி), 3களுக்கு ஐந்து வழி, 5க்கும் 7க்கும் மூன்று மூன்று, மற்ற ஐந்து பகா எண்களுக்கும் இரண்டிரண்டு. 7, 5, 3, 3 ஆகியவற்றைப் பெருக்கி, அதை 32ஆல் பெருக்கினால் 10,080. ஒவ்வொரு காரணிக்கும் ஒரு ஜோடி உண்டு. இரண்டையும் பெருக்கினால் அதே எண் வரும். அப்படி 5,040 ஜோடிகள். 5040 என்ற இந்த எண் பின்னால் பலமுறை குறுக்கே வரும்.

1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் இதில் மீதி வராது. 29தான் முதன்முதலாக வகுக்க மறுக்கிறது. அக்கம்பக்கத்து எண்களின் நிலை தலைகீழ். 67,46,32,83,88,799ஐயும் 67,46,32,83,88,801ஐயும் 23 வரையிலான எந்தப் பகா எண்ணாலும் வகுக்க முடியாது. எனவே அவற்றின் பகாக் காரணிகள் ஒவ்வொன்றும் குறைந்தது 29ஆக இருக்க வேண்டும். 29ஐ ஒன்பது முறை பெருக்கினாலே இந்த எண்களைத் தாண்டிவிடும். ஆகவே எட்டுக்கு மேல் இருக்க வழியில்லை. மொத்தக் காரணிகள் எவ்வளவு முயன்றாலும் 256ஐத் தாண்டா. நடுவில் நிற்பதற்கு 10,080. இரு பக்கமும் ஒட்டி நிற்பவற்றுக்கு அதில் முப்பத்தொன்பதில் ஒரு பங்குகூட இல்லை. முழு எண்களின் வரிசையில் இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வுகள் அடுத்தடுத்த இடங்களிலேயே கிடக்கின்றன.

ஊரில் மற்ற எண்களின் நிலவரம் என்ன? ஜெர்மானியக் கணிதர் டிரிக்லே 1849இல் சராசரியைக் கண்டுபிடித்தார்: காரணிகளின் சராசரி எண்ணிக்கை ஏறத்தாழ அந்த எண்ணின் இயல் மடக்கை. நம் எண்ணின் அளவில் அது சுமார் 30. ஆனால் சராசரி ஏமாற்றும். 1917இல் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து எழுதிய கட்டுரையின்படி, பெரும்பாலான எண்களுக்கு எத்தனை பகாக் காரணிகள் என்பது மடக்கையின் மடக்கையை ஒட்டியே நிற்கும். இந்த அளவில் அது மூன்றரைக்குள். அந்தக் கணக்கில் காரணிகள் பத்தைச் சுற்றித்தான் இருக்கும். மிகச் சில எண்கள் அளவுக்கு மீறி வைத்திருப்பதாலேயே சராசரி 30க்கு ஏறுகிறது. நன்றாக வகுபடும் எண்கள் அரிது என்பதைக் காட்ட, டாக்ஸிகளிலும் ரயில் பெட்டிகளிலும் கண்ணில் படும் எண்களைப் பகுத்துப் பாருங்கள் என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்கிறார்கள். டாக்ஸிக் கதைக்கு இப்படியும் ஒரு முன்கதை இருப்பதைக் கதை சொல்பவர்கள் சொல்வதில்லை.

வகுபடும் எண்ணைத் தேடும் ஆசை ராமானுஜனுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. பாபிலோனியர் 60ஐ அடிப்படையாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். நிமிடமும் நொடியும் வட்டத்தின் 360 பாகையும் அந்த வழியில் வந்தவை. 60, 360 இரண்டுமே உயர் பகு எண்கள். பிளேட்டோ ‘சட்டங்கள்’ என்ற நூலில் தன் இலட்சிய நகரத்துக்கு 5040 குடும்பங்கள் என்று வரையறுத்தார். காரணம் வெளிப்படை: அந்த எண்ணைத் தவிர்த்து அதற்கு 59 காரணிகள், 1 முதல் 10 வரை எதனாலும் பகுக்கலாம். போருக்கோ வரிக்கோ நிலத்துக்கோ மக்களைப் பிரிக்கும்போது யாரும் மிஞ்ச மாட்டார்கள். 11ஆல் மட்டும் வகுபடாதே என்ற குறையையும் அவர் கவனித்தார். இரண்டு குடும்பங்களை ஒதுக்கிவிட்டால் 5038 சரியாக 11ஆல் வகுபடும் என்று சமாதானமும் சொன்னார். தத்துவ நூலில் இத்தனை பொறுப்பான கணக்கு அபூர்வம்.

நாணயங்களும் இதே யோசனையில் பிறந்தவைதான். பழைய இங்கிலாந்து பவுண்டுக்கு 240 பென்ஸ். 240க்கு 20 காரணிகள், அதுவும் உயர் பகு எண். நம் ரூபாய் 16 அணா, அதாவது 192 பையாக இருந்த காலத்தில் 14 காரணிகள் கொண்டிருந்தது. 1957இல் 100 நயா பைசாவானபோது அது ஒன்பதாகக் குறைந்தது. மூன்று பேர் ஒரு ரூபாயைச் சரிசமமாகப் பிரித்துக்கொள்ளும் வழி அன்றோடு போயிற்று. தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. மா, காணி, அரைக்காணி என்று நுணுகி நுணுகிப் பிரித்த அந்த முறையும் மூன்றைக் கண்டுகொள்ளவில்லை. 320 என்பது ஆறு 2களும் ஒரு 5ம்; அதில் 3க்கு இடமே இல்லை. பக்கத்திலேயே 24 காரணிகளோடு 360 இருந்தது. பாதி, கால், அரைக்கால் என்று பாதிபாதியாக வெட்டிப் பழகிய கைகளுக்கு 3 தேவைப்படவில்லை போலும்.

பழைய உலகம் இந்த எண்களைப் பயன்படுத்தியது. ராமானுஜன் அவற்றின் இலக்கணத்தைக் கேட்டார். அதிகக் காரணிகளைக் குறைந்த அளவில் அடைய ஓர் எண் எப்படி அமைந்திருக்க வேண்டும்?

முதல் விதி எளிது. 12இல் இரண்டு 2, ஒரு 3. 18இல் ஒரு 2, இரண்டு 3. இரண்டுக்கும் ஆறு காரணிகள்; ஆனால் 12 சிறியது. எனவே சிறிய பகா எண்ணின் அடுக்கு பெரிய பகா எண்ணின் அடுக்கைவிடக் குறையவே கூடாது, இடையில் எந்தப் பகா எண்ணையும் விட்டுவிடவும் கூடாது. நம் எண்ணின் அடுக்குகளைப் பாருங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. படிப்படியாக இறங்குகின்றன. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் ஒன்றுதான் என்றும் ராமானுஜன் நிறுவினார். விதிவிலக்குகள் இரண்டே இரண்டு: 4, 36.

எவ்வளவு இறங்க வேண்டும் என்பதில்தான் வேலை இருக்கிறது. சந்தையில் ஒவ்வொரு காசுக்கும் என்ன கிடைக்கிறது என்று பார்க்கும் சிக்கனக்காரரின் கணக்கு இது. நம் எண்ணை இன்னும் வளர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு 2ஐச் சேர்த்தால் எண் இரட்டிக்கும். காரணிகள் 7க்கு 8 என்ற விகிதத்தில் ஏறும். 29ஐச் சேர்த்தால் எண் 29 மடங்காகும், காரணிகள் இரட்டிக்கும். எண்ணின் வளர்ச்சியைச் செலவாகவும் காரணிகளின் வளர்ச்சியை வரவாகவும் எடுத்து, இரண்டுக்கும் மடக்கை போட்டு வகுத்துப் பார்த்தால் 2க்கு 0.193, 29க்கு 0.206 வருகிறது. 5க்கு 0.179, 3க்கு 0.166. ஆக 29தான் கொஞ்சம் லாபம். இப்படி ஒவ்வொரு படியிலும் லாபமான பகா எண்ணையே சேர்த்துக்கொண்டு போனால் வரும் எண்களை ராமானுஜன் தனி இனமாகப் பிரித்தார். உயர் பகு எண்களிலும் மேலான உயர் பகு எண்கள் அவை. 22,48,77,61,29,600 அந்த இனம். அதற்கு 8,064 காரணிகள். அதை 3ஆல் பெருக்கினால் நம் எண். ஆனால் நம் எண் மேலான இனத்தில் சேராது. மேலானவை எல்லாவற்றுக்கும் எளிய சூத்திரம் உண்டு. அவற்றுக்கு இடையே வரும் சாதாரண உயர் பகு எண்களுக்கு அப்படி ஒரு நேர்வழி இல்லை, தேடித்தான் எடுக்க வேண்டும்.

அந்தத் தேடலில் ஓர் எண் தப்பிவிட்டது. 1,95,54,57,50,400க்கும் 3,21,25,37,32,800க்கும் நடுவே 2,93,31,86,25,600 வந்திருக்க வேண்டும். ராமானுஜனின் அட்டவணையில் அது இல்லை. கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பது இதுதான்; காரணிகள் சரியாக 5,040. கணிப்பொறி இல்லாத காலத்தில் 103இல் ஒன்று விடுபட்டதைப் பெரிதுபடுத்துவது அற்பத்தனம். விடுபட்டது ஒன்றே ஒன்றுதான் என்பதே வியப்பு.

தொடர் பெருக்கங்களை வைத்துப் பார்த்தால் இந்த இலக்கணத்தின் கறார் புரியும். 4 வரை பெருக்கினால் 24, 5 வரை 120, 6 வரை 720, 7 வரை 5040. எல்லாமே உயர் பகு எண்கள். 8 வரை பெருக்கினால் 40320, காரணிகள் 96. ஆனால் 27720க்கே 96 காரணிகள் இருக்கின்றன. ஏழு 2களை அடுக்கியது வீண். அதற்குப் பதில் ஒரு 11 போதும். அதன்பின் எந்தத் தொடர் பெருக்கமும் இந்தப் பட்டியலுக்குள் வருவதில்லை.

கட்டுரையின் கதையும் சொல்லத் தக்கது. 1914 ஏப்ரலில் லண்டன் வந்து இறங்கிய ராமானுஜன், சென்னையில் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின் பேரில் பி.ஏ. பட்டம் கொடுத்தது, அதற்கு அடிப்படை இந்தக் கட்டுரை. போர்க்காலம், லண்டன் கணிதக் கழகத்திடம் பணமில்லை. அதனால் கட்டுரை முழுதாக அச்சேறவில்லை. பிற்பகுதி கைப்பிரதியாகவே தங்கிவிட்டது. அது முறையான குறிப்புகளோடு ஆய்விதழில் வெளிவர 1997 ஆயிற்று. சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தை நிறுவிய அல்லாடி ராமகிருஷ்ணனின் மகன் கிருஷ்ணசுவாமி அல்லாடி அந்த ஆண்டு தொடங்கிய ‘ராமானுஜன் ஜர்னல்’ முதல் தொகுதியில், பிரெஞ்சுக் கணிதர்கள் ழான் லூயி நிக்கோலாவும் கி ரோபனும் பதிப்பித்தார்கள். எண்பது ஆண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்தது.

ஹார்டி இந்தக் கட்டுரையை மதித்தார். சமனின்மைகளை ராமானுஜன் கையாண்ட திறமையைப் பாராட்டினார். ஆனால் பொருள் கணிதத்தின் பெருவழியிலிருந்து ஒதுங்கியது என்றே அவர் கருதினார். இந்தத் தீர்ப்பு தவறிவிட்டது என்று இன்று தயங்காமல் சொல்லலாம். ராமானுஜனின் அந்த ஒதுக்குப்புறத்தில் ரீமான் கருதுகோளுக்கு ஒரு வாசல் இருந்தது.

அங்கே போகும் வழியில் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்த ஒருவரைச் சந்திக்க வேண்டும். எஸ்.எஸ். பிள்ளை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு கற்பித்தவர். காரணிகளை எண்ணுவதற்குப் பதில் கூட்டினால் என்ன என்று கேட்டு, கூட்டுத்தொகையில் தனக்குக் கீழுள்ள அனைத்தையும் முந்தும் எண்களை 1943இல் அவர் ஆராய்ந்தார். 10ஐ எடுங்கள்: 1, 2, 5, 10 கூட்டினால் 18, 1 முதல் 9 வரை எதற்கும் இவ்வளவு வராது. மறு ஆண்டே அலாவ்க்ளூ, எர்டிஷ் என்ற கணிதர்கள் இருவரும் இத்துறையின் அடிப்படைக் கட்டுரை ஒன்றை எழுதினார்கள். கூட்டுத்தொகையை எண்ணாலேயே வகுத்து வரும் விகிதத்தில் முந்துபவை எவை, அவற்றிலும் ராமானுஜனின் மேலான இனத்தைப் போன்று சூத்திரத்துக்கு அடங்குபவை எவை என்று பிரித்தார்கள். அவர்களுக்குத் தெரியாதது, ராமானுஜன் அச்சேறாத பக்கங்களில் இதே எண்களைத் தொட்டிருந்தார் என்பது. பிள்ளை 1950 ஆகஸ்டில் அமெரிக்கா போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். வயது 49. தமிழ்நாட்டில் ராமானுஜன் பெயர் அறிந்த நூறு பேரில் ஒருவருக்காவது இவர் பெயர் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

1984இல் ரோபன் நிறுவியது இது. ஓர் எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடி இயல் மடக்கை எடுங்கள்; அதை அந்த எண்ணாலும் 1.781... என்ற மாறிலியாலும் பெருக்குங்கள். காரணிகளின் கூட்டுத்தொகைக்கு இது ஒரு வரம்பு. 5040க்கு வரம்பு ஏறத்தாழ 19,237, கூட்டுத்தொகை 19,344. வரம்பு மீறப்படுகிறது. 2 முதல் 5040 வரை இப்படி மீறும் எண்கள் 27. 5040க்கு மேல் ஒரு எண்கூட மீறாது என்பதும், 1859 முதல் நிரூபிக்கப்படாமல் கிடக்கும் ரீமான் கருதுகோள் உண்மை என்பதும் ஒன்றேதான் என்றார் ரோபன். பத்து லட்சம் டாலர் பரிசு அறிவிக்கப்பட்ட, பகா எண்களின் பரவலையே தீர்மானிக்கும் கேள்வி, பள்ளிப் பையன் போடும் கூட்டல் கணக்காக உருமாறி நிற்கிறது. அதன் எல்லைக்கல்லோ பிளேட்டோவின் நகரத்துக் குடும்பங்களின் எண்ணிக்கை. இதில் மர்மம் ஒன்றுமில்லை. இருவரும் தேடியது நன்றாக வகுபடும் எண்ணை, இருவருக்கும் அகப்பட்டது அதே எண்.

நம் எண் இந்தச் சோதனையில் தேறுகிறதா? அதன் காரணிகளைக் கூட்டினால் எண்ணைப் போல் 5.84 மடங்கு வருகிறது. வரம்பு 6.03 மடங்கு. 10,080 காரணிகள் இருந்தும் வரம்புக்கு உள்ளேயே அடங்குகிறது. 2006இல் கீத் பிரிக்ஸ் என்பவர் கணிப்பொறி கொண்டு, ஒன்றுக்குப் பின் ஆயிரம் கோடி சுழியங்கள் வரும் அளவு வரை சோதித்தார். மீறும் எண் அகப்படவில்லை. அத்தனை எண்களையும் அவர் சோதிக்கத் தேவைப்படவில்லை. மீறக்கூடியவை எவை என்பதை அலாவ்க்ளூவும் எர்டிஷும் வகுத்த இனமே காட்டிக்கொடுத்துவிடும்.

காரணிகளின் எண்ணிக்கைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. சுவீடனின் விகெர்ட் 1907இல் அதன் போக்கைக் கண்டார். அதோடு ஒப்பிட்டு ஒவ்வோர் எண்ணின் செழிப்பையும் விகிதமாக்கினால் நம் எண்ணுக்கு 1.524 வருகிறது. எல்லா எண்களிலும் அதிகபட்சம் 1.5379. அது 6,98,37,76,800க்கு உரியது. 2,304 காரணிகள் கொண்ட எண். 1983இல் நிக்கோலாவும் ரோபனும் இதை நிறுவினார்கள். ராமானுஜனின் அட்டவணையில் அந்த எண் இருக்கிறது. ஆனால் வரிசையில் அது ஒரு சிகரம் என்று அட்டவணை சொல்லவில்லை.

உயர் பகு எண்கள் எவ்வளவு அடர்த்தியாக வருகின்றன என்பதிலும் வேலை நடந்தது. அடுத்தடுத்த இரண்டின் விகிதம் ஒன்றை நெருங்கிக்கொண்டே போகும் என்று ராமானுஜன் காட்டினார். எர்டிஷ் 1944இல் ராமானுஜனின் கீழ்வரம்பை உயர்த்தினார். நிக்கோலா 1971இல் மேலிருந்து கட்டிவைத்தார். ஓர் எல்லைக்குள் வரும் உயர் பகு எண்களின் எண்ணிக்கை அந்த எல்லையின் மடக்கையின் எத்தனையாவது அடுக்கு என்ற கேள்விக்கு 1.13க்கும் 1.71க்கும் இடையே என்பதுவரை பதில் கிடைத்திருக்கிறது. ராமானுஜன் இன்னொன்றையும் கேட்டிருந்தார்: காரணிகளின் எண்ணிக்கைக்கே எத்தனை காரணிகள்? நம் எண்ணுக்கு 10,080, 10,080க்கு 72, அதுவும் உயர் பகு எண். இந்த இரண்டாம் எண்ணிக்கை எவ்வளவு பெரிதாகலாம் என்ற கேள்விக்கு ராமானுஜன் ஒரு கீழ்வரம்பு கொடுத்துவிட்டுப் போனார். சரியான விடை வர ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று. நான்கு கணிதர்கள் சேர்ந்து அதை முடித்தார்கள்.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில்: கொஞ்சம். நிரலாக்கப் போட்டிகளில் கலந்துகொள்ளும் மாணவர்களுக்கு 10இன் 18ஆம் அடுக்கு வரை எந்த எண்ணுக்கும் 1,03,680க்கு மேல் காரணிகள் இல்லை என்பது கைவசம் இருக்க வேண்டிய தகவல். நிரல் எத்தனை முறை சுழலும் என்பதை அது தீர்மானிக்கிறது. ஆனால் பொறியாளர்கள் எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது அதிகக் காரணிகளைப் பார்ப்பதில்லை, வேண்டிய காரணிகளைப் பார்க்கிறார்கள். குறுந்தகட்டின் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. அது 210இன் வர்க்கம், 81 காரணிகள். சற்றே பெரிய 45,360க்கு 100 உண்டு. 2018இல் ஃபேஸ்புக் நிறுவனம் வீடியோவுக்காக ஒரு கால அலகை அறிவித்தது: ஒரு நொடியில் 70,56,00,000இல் ஒரு பங்கு. திரைப்படத்தின் 24 சட்டகங்கள், தொலைக்காட்சியின் 25, 30, ஒலியின் 44,100, 48,000 எல்லாம் அதில் மீதியின்றி அடங்கும். காரணிகள் 540தான். பக்கத்தில் 73,51,34,400க்கு 1,344 காரணிகள் இருந்தும் அது தேவையில்லை; அதில் 5 இரண்டு முறைதான் வரும், 48,000க்கு மூன்று வேண்டும். பிளேட்டோ இந்தத் தேர்வை ஒப்புக்கொண்டிருப்பார்.

இன்னும் தீராதது ஒன்று. சூத்திரத்துக்கு அடங்கும் அலாவ்க்ளூ–எர்டிஷ் வரிசையில் அடுத்தடுத்த இரண்டு எண்களை வகுத்தால் ஈவு எப்போதும் பகா எண்ணா? ஆம் என்றே அவர்கள் நினைத்தார்கள். பகா எண், அல்லது இரண்டு பகா எண்களின் பெருக்கம் என்பதுவரை நிறுவ முடிந்தது. அதற்கும் ஜெர்மனியின் ஸீகல் சொன்ன ஒரு தேற்றம் தேவைப்பட்டது. அந்தத் தேற்றத்துக்கு அச்சில் நிரூபணம் தந்தவர்களில் ஒருவர் இந்தியக் கணிதர் கே. ராமச்சந்திரா, 1968இல். இரண்டாவது சாத்தியத்தை அடைக்க இன்னும் யாராலும் முடியவில்லை.

கணிப்பொறி வந்தபின் அட்டவணை நீண்டுவிட்டது. ஜெர்மானியரான ஆஹிம் ஃபிளாமென்காம்ப் 7,79,674 உயர் பகு எண்களைக் கணக்கிட்டிருக்கிறார். ராமானுஜன் நிறுத்திய இடத்துக்கு அடுத்து வருவது 89,95,10,45,18,400, காரணிகள் 10,368. அதற்கெல்லாம் போக வேண்டாம். ஆயிரத்துக்குள் இப்படிப்பட்ட எண்கள் 1ஐயும் சேர்த்துப் பதினைந்துதான். கடைசி 840, அதற்கு 32 காரணிகள். வீட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அடுத்தது எது என்று கேட்டுப் பாருங்கள். அடுக்குகள் இறங்க வேண்டும் என்ற ஒரே விதியைச் சொல்லிக் கொடுத்தால் போதும், பென்சிலும் ஒரு தாளும் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். விடை 1260, காரணிகள் 36.